கூலி கருதாத கைகள்

ஒரு பொருளைப் படைப்பவனை உலகம் புகழ்கிறது; அப்பொருளைக் கொண்டு அருஞ்செயல் புரிபவனையும் புகழ்கிறது. ஆயின், காலம் கடந்து பயன் நீங்கிய பொருளை அழியாமல் காத்து, பின்வரும் தலைமுறையின் கையில் ஒப்படைப்பவனை நினைப்பவர் மிகச் சிலரே. அவனுக்கு வெற்றி விழா இல்லை, பட்டம் இல்லை, பல வேளைகளில் கூலியும் இல்லை. எனினும், அவன் இல்லையேல் முன்னோரின் அருஞ்செயல்கள் வெறுங் கதைகளாகவே நின்றுவிடும். இத்தகைய தொண்டின் பெருமையைப் பழைய விமானம் ஒன்றின் வரலாறு நன்கு உணர்த்துகிறது.

இங்கிலாந்து நாட்டில், லண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் வேபிரிட்ஜ் என்னும் ஊர் இருக்கிறது. அதனை அடுத்துள்ள புரூக்லண்ட்ஸ் என்னும் இடத்தில் 1907-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டிப் பந்தயத்துக்கென்றே ஒரு பெரிய ஓடுதளத்தை அமைத்தனர். உலகில் அவ்வாறு தனியே அமைந்த முதல் ஓடுதளம் அதுவே. பந்தய வண்டிகள் ஓடிய அவ்வெளியிலேயே விமானங்களும் பறக்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் விமானத் தொழிற்சாலைகளும் அங்கே எழுந்தன. பந்தயங்களும் தொழிற்சாலைகளும் ஓய்ந்துவிட்ட பின்னர், அவ்விடத்தின் நினைவைக் காக்க ஒரு பொருட்காட்சிச்சாலை ஏற்பட்டது. 1991-ஆம் ஆண்டு முதல் அது பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. பல நூறு தொண்டர்கள் அதற்குத் துணை நிற்கின்றனர்.

இக்காட்சிச்சாலையில் பழைய விமானங்கள் பல உள்ளன. ஒலியினும் விரைந்து பறந்த கன்கார்டு விமானமும் அவற்றுள் ஒன்று. ஆயினும், காண வருவோர் நெடுநேரம் நின்று நோக்கும் விமானம் வேறொன்று. அதன் பெயர் வெல்லிங்டன். அதன் உடலின் பெரும்பகுதிக்கு மேற்போர்வை இல்லை. உள்ளே இருக்கும் உலோகப் பின்னல் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. முதன்முறை காண்பவர், “இது விமானமா, பெரியதொரு மீன்பிடி கூடையா?” என்று வியப்பது இயல்பே.

அந்தப் பின்னலில்தான் வெல்லிங்டனின் சிறப்பு அடங்கியிருக்கிறது. பார்ன்ஸ் வாலிஸ் என்னும் பொறியியல் அறிஞர் அதனை வகுத்தார். அவர் முன்னர் ஆர் 100 என்னும் பெரிய வான்கப்பலை அமைப்பதில் ஈடுபட்டவர். விமானத்தின் உடலுக்கு நீண்ட சட்டங்களையும் வளையங்களையும் அமைப்பதே அக்கால வழக்கம். வாலிஸ் அதனைக் கைவிட்டு, டூரலுமின் என்னும் அலுமினியக் கலவை உலோகத்தாலான மெல்லிய பட்டைகளை வளைத்து, ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லுமாறு திருகுச் சுற்றாகப் பின்னினார். ஒரு பட்டை இழுவிசையைத் தாங்கும்போது அதன் குறுக்கே செல்லும் பட்டை அழுத்த விசையைத் தாங்கும். மூங்கிற் கூடையில் ஓரிரு பிளாச்சுகள் முறிந்தாலும் கூடை குலைவதில்லை அன்றோ? அதுபோலவே, பகைவரின் குண்டு பட்டு உடலில் பெருந்துளைகள் விழுந்த பின்னும் பல வெல்லிங்டன் விமானங்கள் தம் நாட்டுக்குத் திரும்பி வந்தன. இப்பின்னலின் மீது மரப்பட்டிகளைப் பொருத்தி, லினன் துணியைப் போர்த்தி, அதன் மேல் ஒருவகை மெருகுக் குழம்பைப் பூசுவர். குழம்பு உலர உலரத் துணி முரசின் தோல்போல் இறுகிவிடும்.

வெல்லிங்டன் முதன்முதல் 1936-ஆம் ஆண்டு சூன் திங்கள் 15-ஆம் நாள் பறந்தது. இரண்டாம் உலகப் போரின் காலம் முழுவதும் இடைவிடாது அதனைக் கட்டி வந்தனர். மொத்தம் 11,461 வெல்லிங்டன் விமானங்கள் உருவாயின. அவற்றுள் 2,515 வேபிரிட்ஜில் உருவானவை. இவ்விமானத்தை முதன்முதல் பெற்ற படைப்பிரிவு பிரிட்டிஷ் விமானப் படையின் 99-ஆம் பிரிவு. சென்னை மாகாணத்து மக்கள் போர்க்காலத்தில் அளித்த நன்கொடையை நினைவுகூரும் வகையில் பின்னர் அப்பிரிவுக்குச் சென்னை மாகாணப் பிரிவு என்ற பெயர் வழங்கியது. கடல் கடந்த ஒரு விமானத்தின் கதையில் நம் நாட்டின் பெயரும் இவ்வாறு ஓரிடத்தில் வந்து சேர்கிறது.

இத்துணைப் பெருந்தொகையாகக் கட்டிய விமானங்களுள் இன்று முழுவடிவில் எஞ்சியிருப்பவை இரண்டே. அவ்விரண்டில் போர்க்களத்தின் மீது பறந்தது ஒன்றுதான். அதன் எண் என் 2980. ‘ஆர்’ என்ற எழுத்தைத் தாங்கியிருந்ததால் ‘ராபர்ட்’ என்பது அதன் செல்லப் பெயர். புரூக்லண்ட்ஸில் நிற்பது அவ்விமானமே.

ராபர்ட் 1939-ஆம் ஆண்டில் வேபிரிட்ஜில் பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் வெல்லிங்டன் விமானங்கள் சில அணியாகச் சேர்ந்து ஜெர்மானியக் கடற்கரையை நோக்கிச் சென்றன. வானத்தில் மேகமே இல்லை. பகைவரின் போர் விமானங்கள் அவற்றைச் சூழ்ந்து தாக்கின. இலக்கை அடைந்த 22 விமானங்களில் பாதிக்கு மேற்பட்டவை அன்று வீழ்ந்தன. பிழைத்து வந்தவற்றுள் ராபர்ட்டும் ஒன்று. பின்னர் வேறு பல போர்ப் பயணங்களையும் முடித்துக்கொண்டு, அது ஸ்காட்லாந்தில் இளம் வீரர்க்குப் பயிற்சி தரும் விமானமாயிற்று.

1940-ஆம் ஆண்டின் கடைசி நாள். எட்டுப் பேரைச் சுமந்து ராபர்ட் ஸ்காட்லாந்து மலைகளின் மீது பறந்துகொண்டிருந்தது. பனிப்புயல் வீசியது. இரண்டு பொறிகளுள் ஒன்று திடீரென்று நின்றுவிட்டது. விமானம் தாழத் தொடங்கவே, வான்குடை கொண்டு குதிக்குமாறு விமானி ஆணையிட்டார். அறுவர் குதித்தனர். அவருள் பின்புறச் சுடுவீரரின் வான்குடை ஒழுங்காக விரியவில்லை, அவர் உயிரிழந்தார். விமானியும் துணை விமானியும் விமானத்திலேயே இருந்தனர். மேகத்தின் இடைவெளியில் நீர்ப்பரப்பொன்று தெரிந்தது. அது நெஸ் ஏரி. விமானி அந்நீரின் மீது விமானத்தை இறக்கினார். அது மூழ்குவதற்குள் இருவரும் மிதவையில் ஏறிக் கரை சேர்ந்தனர். ராபர்ட் மெல்ல மெல்லக் கீழே சென்று, ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் இருளில் அமர்ந்தது. உலகம் அதனை மறந்துவிட்டது.

நெஸ் ஏரியில் விந்தையான பெருவிலங்கு ஒன்று வாழ்கிறது என்னும் கதையைப் பலரும் கேட்டிருப்பர். அவ்விலங்கைத் தேடி அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவொன்று 1976-ஆம் ஆண்டில் அங்கே வந்தது. ஒலியலை கொண்டு நீரடியை ஆராயும் கருவியை அக்குழுவினர் பயன்படுத்தினர். விலங்கு அகப்படவில்லை, விமானத்தின் வடிவம் ஒன்று அகப்பட்டது. பிறகு மூழ்குவீரரும் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்து அறிஞரும் அதனை ஆராய்ந்து, அது வெல்லிங்டன் என்று தெளிந்தனர். 1985-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், 44 ஆண்டுகளுக்கு மேல் நீருள் கிடந்த அவ்விமானம் மேலே வந்தது. அதன் வால்விளக்குகளைப் புதிய மின்கலத்தோடு இணைத்தபோது அவை ஒளி வீசின. வீரர் விட்டுச் சென்ற பொருள்கள் சிலவும் உள்ளே அப்படியே இருந்தன.

ராபர்ட் தான் பிறந்த இடத்துக்கே திரும்பிற்று. ஆயின், அது திரும்பிய நிலை வேறு. மேலே போர்த்திய துணி மக்கி மறைந்திருந்தது. பின்னற் பட்டைகள் பல இடங்களில் வளைந்தும் முறிந்தும் இருந்தன; எங்கும் சேறு படிந்திருந்தது. ஆழத்தில் குளிர்ந்த நன்னீர் அதனைக் காத்தது உண்மையே. ஆனால், நீரிலிருந்து வெளியே எடுத்த உலோகத்தைக் காற்றும் ஈரமும் விரைந்து அரிக்கத் தொடங்கும். ஆகவே, மீட்டதோடு பணி முடியவில்லை. மீட்ட பின்னரே உண்மையான பணி தொடங்கிற்று. உடனே கழுவிக் காக்காவிடின், ஏரி காத்துத் தந்ததைக் கரை அழித்துவிடும்.

இவ்வேளையில் முன்வந்தவர்களே தொண்டர்கள். அவருள் பலர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்; சிலர் வேபிரிட்ஜ்த் தொழிற்சாலையிலேயே உழைத்தவர். இளமையில் எந்தப் பட்டையை வளைத்தனரோ, எந்தத் தறையாணியை அடித்தனரோ, அதனையே முதுமையில் மீண்டும் கையிலெடுக்கும் பேறு அவர்க்குக் கிடைத்தது. முன்பு அவ்வேலைக்கு வாரந்தோறும் கூலி வந்தது, இப்போது வரவில்லை. ஆனால், அன்று செய்த வேலையைக் காட்டிலும் இன்று செய்த வேலை கடினமானது.

புதுப்பொருளைச் செய்வது ஒருவகைத் திறமை. பழம்பொருளைப் பழம்பொருளாகவே காப்பது மற்றொரு வகைத் திறமை. சிதைந்த பகுதிகளை எல்லாம் எறிந்துவிட்டுப் புதிய உலோகத்தால் விமானத்தைக் கட்டுவது எளிது. அப்படிக் கட்டினால் அது ராபர்ட்டைப் போன்ற வேறொரு விமானமாகுமேயன்றி ராபர்ட் ஆகாது. ஆதலால், பழைய பட்டையில் காக்கக்கூடியது ஒரு சாண் அளவே ஆயினும் அதனைக் காக்க வேண்டும். வளைந்ததை நிமிர்த்த வேண்டும். அரிப்பைச் சுரண்டி நீக்க வேண்டும். முற்றும் அழிந்த இடத்தில் மட்டும் பழைய அளவுப்படி புதிய துண்டைச் செய்து இணைக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையின் வளைவும் அடுத்ததன் வளைவோடு இசைய வேண்டும். ஒரு மூட்டு சிறிதே தவறினாலும் அத்தவறு பின்னல் முழுவதும் பரவும். விரைவு இங்கே உதவாது, பொறுமையே கருவி.

1943-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் பிராட்டன் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலையில், மக்களுக்கு ஊக்கமூட்டும் பொருட்டு, ஒரு வெல்லிங்டன் விமானத்தைத் தொடக்கமுதல் இறுதிவரை ஒரே நாளில் கட்டி முடித்தனர். ஏறத்தாழ 25 மணி நேரத்தில் அது வானிலும் பறந்தது. தொழிற்சாலை முழுதும் திரண்டு ஒரு நாளில் கட்டிய விமானத்துக்கு நிகரான ஒன்றை மீட்டமைக்க, சிறு தொண்டர் குழு பல்லாண்டுகள் உழைத்தது. முன்னது நாடு நெருக்கடியில் காட்டிய வேகம். பின்னது அந்நாடு அமைதியில் காட்டிய நன்றி. இரண்டும் பெருமைக்கு உரியவையே.

இவர்கள் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? உலோகத்தின் மீதுள்ள ஆசையாலா? அன்று. 1940-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பகைவர் விமானங்கள் வேபிரிட்ஜ்த் தொழிற்சாலையின் மீது குண்டு பொழிந்தன. அன்று 80-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். பல நூற்றுவர் காயமுற்றனர். பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் படையில் பணியாற்றி இறந்த வீரர் 55,000-க்கும் மேற்பட்டவர். அவருள் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர். கல்லில் பொறித்த பெயர்கள் அவர்களை நினைவூட்டும். ஆயினும், ஒருவர் அமர்ந்து பனியில் நடுங்கிய இருக்கையும், பற்றியிருந்த கைப்பிடியும் நினைவூட்டுவதுபோல் பெயர்கள் மட்டும் நினைவூட்டா. தொண்டர்கள் காப்பது உலோகத்தை அன்று. அவ்வுலோகத்தைத் தொட்ட கைகளின் நினைவை.

குண்டு வீசிய விமானம் ஒன்றை இவ்வளவு அன்போடு காப்பது தகுமா என்று கேட்பாரும் உளர். இது தள்ளத்தக்க கேள்வியன்று. வெல்லிங்டன் ஊர்களின் மீதும் குண்டு வீசிற்று. அக்குண்டுகளால் மாண்டோரும் நம்மைப் போன்ற மக்களே. ஆனால், போரின் கருவிகளை மறைத்துவிடுவதால் போர் மறைவதில்லை. அதன் விலை இன்னதென்று அறியாத தலைமுறையே போரை எளிதாக எண்ணும். கூடைபோன்ற மெல்லிய பின்னலையும் துணிப் போர்வையையுமே காப்பாகக் கொண்டு இளைஞர்கள் இருளில் பறந்தனர் என்பதை நேரில் காண்பவன் போரை விளையாட்டாகக் கருதமாட்டான். இப்பழைய விமானம் வெற்றியைப் பறைசாற்ற நிற்கவில்லை. எச்சரிக்கையாகவும் நினைவாகவும் நிற்கிறது. தொண்டர்கள் அதனைத் தங்கத் தகட்டால் மூடாமல், எலும்புக்கூடுபோல் திறந்தே வைத்திருப்பது அந்த உண்மைக்கும் பொருந்துகிறது.

மீட்டமைக்கும் தொண்டு ஒருபுறம் இருக்க, எடுத்துரைக்கும் தொண்டும் அங்கே நடைபெறுகிறது. விளக்கும் ஒருவர் இல்லாவிடில் காட்சிப் பொருள் ஊமையாகவே நிற்கும். ஒரு சிறுவன் விமானத்தின் அருகே வந்து, “இது ஏன் இப்படி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது?” என்று கேட்கலாம். அன்று காலைமுதல் அதே கேள்வியைப் பலர் கேட்டிருப்பர். எனினும், நல்ல தொண்டர் அதனை முதன்முறை கேட்பவர்போலக் கேட்டு, தம் இரு கை விரல்களையும் குறுக்காகக் கோத்துக் காட்டி, ஒரு பட்டை இழுக்க மற்றொரு பட்டை தாங்கும் முறையை விளக்குவார். நூலில் பல பக்கங்கள் படித்தும் விளங்காத செய்தி அந்த விரல்களைக் கண்டவுடன் விளங்கிவிடும். கற்பித்ததற்கு அவர் பெறும் ஊதியம், விளங்கியவுடன் அச்சிறுவன் முகத்தில் தோன்றும் ஒளி ஒன்றே.

இத்தொண்டுக்கு ஓர் இடையூறும் உண்டு. அது பணக்குறை மட்டும் அன்று, காலமே அது. கைத்திறன் முழுவதையும் ஏட்டில் எழுதிவைக்க இயலாது. தறையாணியை எவ்வளவு ஓங்கி அடிக்க வேண்டும், பட்டை முறியாமல் எவ்வளவு வளையும் என்பவற்றைச் செவியும் விரலுமே அறியும். அவ்வாறு அறிந்தவர் ஒவ்வொருவராய் மறைந்துகொண்டிருக்கின்றனர். முதியவர் ஒருவரின் அருகில் இளையவர் ஒருவர் நின்று கற்காவிடில், அத்திறமை அம்முதியவரோடு முடிந்துவிடும். அதனால்தான் இத்தகைய காட்சிச்சாலைகளில் முதியோரோடு இளைஞரும் தொண்டு செய்வது இன்றியமையாதது. விளக்கு அணைவதற்கு முன்னரே மற்றொரு விளக்கை ஏற்றிக்கொள்ள வேண்டும். புரூக்லண்ட்ஸில் போர்க்காலத்து விமானக் கொட்டகை ஒன்றைப் புதுப்பித்து, விமானம் கட்டும் தொழிலை விளக்கும் காட்சிக்கூடமாக 2017-ஆம் ஆண்டில் திறந்தனர். ராபர்ட் இப்போது அங்கே நிற்கிறது. உலோகத்தை வளைப்பதும் பிணைப்பதும் எவ்வாறு என்பதைச் சிறுவர் தம் கையாலேயே செய்து பார்க்க அங்கே வாய்ப்பு உண்டு.

காட்சிச்சாலைக்குச் செல்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. நுழைவுக் கட்டணம் செலுத்தியதோடு கடன் தீர்ந்தது என்று எண்ணுவது சரியன்று. அக்கட்டணம் கட்டடத்துக்கும் விளக்குக்கும் ஆகலாம். தொண்டரின் பல்லாண்டு உழைப்புக்கு விலையாகாது. தடுப்புக் கயிற்றைத் தாண்டாமல் இருப்பதும், பழைய பொருளைத் தொட்டுச் சிதைக்காமல் இருப்பதும் முதற்கடமை. விளக்குவோர் கூறுவதைப் பொறுமையோடு கேட்டு, ஐயங்களை வினாவி அறிவது இரண்டாவது. புறப்படும்போது அவரை நோக்கி நன்றி கூறுவது மூன்றாவது. சொல் சிறியது, ஆயினும், கூலி பெறாத கைக்கு அச்சொல்லே கூலி. கண்ட செய்தியை வீட்டிலும் பள்ளியிலும் பிறர்க்கு எடுத்துரைப்பவர் தாமும் அத்தொண்டில் சிறு பங்கு கொண்டவர் ஆவர்.

ஒரு விமானத்தை அறிஞர் ஒருவர் வகுத்தார், தொழிலாளர் கட்டினர், வீரர் பறந்தனர், ஏரி காத்தது, தொண்டர் மீட்டமைத்தனர். இவ்வரிசையில் எவர் ஒருவர் இல்லாமற்போயினும் ராபர்ட் இன்று நம் கண்ணுக்குக் கிட்டியிராது. முன்னவர் பெயர்களை வரலாறு எழுதிவைத்திருக்கிறது. கடைசியில் நிற்கும் தொண்டரின் பெயரோ பெரும்பாலும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அதனை எதிர்பார்ப்பதும் இல்லை. காலையில் வந்து கைகளைத் துடைத்துக்கொண்டு ஒரு பட்டையைச் செப்பனிடுகிறார். மாலையில் கருவிகளை உரிய இடத்தில் அடுக்கி வைத்துவிட்டு வீடு திரும்புகிறார். தாம் பறக்காத விமானத்தைத் தாம் காணப்போகாத தலைமுறைக்காகக் காத்து நிற்கும் அவரைப் போன்றோர் உள்ளவரை, கடந்த காலம் நம்மைவிட்டு முற்றும் நீங்கிவிடுவதில்லை.